ரஷ்ய எல்லைக்கு அருகில் வாழ்வது பற்றி: பின்லாந்துத் தமிழரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன் மீது ரஷ்யா 2022 பிப்ரவரி 24 அன்று முழு அளவில் படையெடுத்த பிறகு, ஊரிலிருந்து எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் போக்கே மாறிவிட்டது. குளிரைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்த சித்தப்பாக்களும் அத்தைகளும் இப்போது நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியைப் பற்றிக் கேட்கிறார்கள். கல்லூரி நண்பர்கள் இந்தியாவின் நிலைப்பாட்டைப் பற்றி வாதாடுகிறார்கள். இங்கே மேற்படிப்புக்கு வர நினைக்கும் இளைஞர்கள், வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்து, இயன்றவரை முழுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ராணுவத்திலோ வெளியுறவுத் துறையிலோ பணிபுரிந்தவன் அல்லன். நாகப்பட்டினத்தில் பிறந்து, ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரில் வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, பின்லாந்துக் குடியுரிமையும் பெற்றுவிட்ட ஒருவனின் கருத்துகள் இவை.

ரஷ்யாவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்களே, பயமாக இல்லையா?

பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே சுமார் 1,340 கிலோமீட்டர் நில எல்லை இருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வான்வழியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான், அதாவது சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தொலைவு. 2022 மார்ச்சில், அணுக்கதிர் ஆபத்து வந்தால் உட்கொள்ள வேண்டிய அயோடின் மாத்திரைகள் மருந்துக் கடைகளில் தீர்ந்துபோன அந்த வாரங்களில், எங்களுக்கும் பயம் இருந்தது. இன்று இருப்பது பயம் அல்ல, கவனம் என்று சொல்வேன். ரஷ்யப் படைகளின் பெரும்பகுதி உக்ரைனில் சிக்கியிருக்கும்வரை, நாளையே எல்லை தாண்டி வருவார்கள் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

நடப்பவை வேறு வகையானவை. கிழக்குப் பகுதியில் விமானங்களின் ஜிபிஎஸ் அலைவரிசை குழப்பப்படுகிறது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 என்ற கடலடி மின்கம்பி அறுந்தது. ரஷ்ய எண்ணெய் ஏற்றிச் சென்ற ஈகிள் எஸ் என்ற கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று சந்தேகித்து, பின்லாந்து அதிகாரிகள் அக்கப்பலைக் கைப்பற்றினார்கள். ஆனால் சம்பவம் பன்னாட்டுக் கடற்பரப்பில் நடந்ததால் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறிவிட்டது. போர் என்றும் சொல்ல முடியாத, விபத்து என்றும் ஒதுக்க முடியாத இப்படிப்பட்ட நிகழ்வுகளோடு வாழப் பழகுவதுதான் இப்போதைய சிரமம்.

பல பத்தாண்டுகள் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த நாடு, பிறகு ஏன் நேட்டோவில் சேர்ந்தது?

இதற்கு 1939-லிருந்து தொடங்க வேண்டும். சோவியத் ஒன்றியத்துடன் பின்லாந்து 1932-லேயே ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோதே, எல்லைக் கிராமமான மைனிலாவில் தன் படையினர் மீது பின்லாந்து பீரங்கியால் சுட்டதாகக் குற்றம் சாட்டிவிட்டு, 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் உள்ளே நுழைந்தன. உலகமே பின்லாந்துக்காகப் பரிதாபப்பட்டது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் சோவியத் ஒன்றியத்தை வெளியேற்றவும் செய்தது. ஆனால் எந்த அரசும் தன் படையை அனுப்பவில்லை. மூன்றரை மாதம் நீடித்த அந்தப் போரில் பின்லாந்து சுமார் 25,000 வீரர்களை இழந்தது. 1940 மார்ச் 13 அன்று நாட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை, வீப்பூரி என்ற பெரிய நகரம் உட்பட, விட்டுக்கொடுத்தது. அப்படி இழந்த கிழக்குப் பகுதியான கரேலியாவைச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்தார்கள். இழந்ததை மீட்க 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து போரில் இறங்கியது, இன்றும் இந்நாட்டவர் மன உறுத்தலோடு விவாதிக்கும் அத்தியாயம். 1944-ல் அதிலும் தோற்று, 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை இழப்பீடாக 1952 வரை அனுப்பி முடித்தார்கள்.

அதன் பிறகு வந்த காலத்தைத்தான் வெளியுலகம் நடுநிலைமை என்று பாராட்டியது. 1948-ல் மாஸ்கோவுடன் நட்புறவு உடன்படிக்கை ஏற்பட்டது. 1956 முதல் 1982 வரை குடியரசுத் தலைவராக இருந்த உர்ஹோ கெக்கோனன், மாஸ்கோவின் முகம் கோணாமல் நாட்டை நடத்தினார். செய்தித்தாள்கள் எழுத வேண்டியதை எழுதாமல் தங்களுக்குத் தாங்களே கடிவாளம் போட்டுக்கொண்டன. அந்தத் தலைமுறை ஆட்களோடு பழகிய அளவில் சொல்கிறேன், அது அவர்கள் உயிர் பிழைத்திருப்பதற்குக் கொடுத்த விலை. விரும்பி ஏற்ற கொள்கையாக அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதும், நேட்டோ வேண்டாம் என்றுதான் பெரும்பான்மையினர் நினைத்தார்கள். உக்ரைன் போருக்கு முன் நேட்டோவுக்கு இருந்த ஆதரவு நான்கில் ஒரு பங்கு அளவே.

2021 டிசம்பரில், நேட்டோ இனிப் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரஷ்யா எழுத்து வடிவில் கோரியது. தங்கள் நாடு எங்கே சேரலாம் என்பதை வேறொரு நாடு கையெழுத்திட்டு முடிவு செய்யப் பார்க்கிறது என்று பின்லாந்து மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். பிப்ரவரிப் படையெடுப்புக்குப் பிறகு ஆதரவு சில வாரங்களில் பாதியைத் தாண்டி, மே மாதத்தில் நான்கில் மூன்று பங்கானது. 2022 மே 17 அன்று நாடாளுமன்றம் 188-க்கு 8 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தது. துருக்கியும் ஹங்கேரியும் தாமதித்ததால் 2023 ஏப்ரல் 4 அன்றுதான் பின்லாந்து 31-ஆவது உறுப்பினரானது. இதில் தலைவர்கள் மக்களை இழுத்துச் செல்லவில்லை, மக்கள்தான் முன்னே போனார்கள் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

நேட்டோ கிழக்கே விரிந்ததால்தானே இந்தப் போரே வந்தது?

இந்த வாதத்தை முன்வைக்கும் என் நண்பர்களை நான் மதிக்கிறேன். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லாமல் 1999-ல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியதையும், 2011-ல் லிபியாவைச் சிதைந்த நிலையில் விட்டதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1939-ல் நேட்டோ என்ற அமைப்பே கிடையாது. 2014-ல் கிரிமியா பறிக்கப்பட்டபோது, எந்தக் கூட்டணியிலும் சேராத நாடு என்று உக்ரைன் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. பின்லாந்து சேர்ந்ததால் நேட்டோவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான நில எல்லை இரண்டு மடங்கானது. அதற்குப் பதிலாக ரஷ்யா இங்கே படையெடுக்கவில்லை, எங்கள் எல்லையருகே இருந்த படைப்பிரிவுகளை உக்ரைனுக்கு அனுப்பியது. நேட்டோவின் எல்லை நெருங்குவதுதான் உண்மையான அச்சம் என்றால் இப்படிச் செய்ய முடியாது.

நேட்டோவில் சேர்ந்துவிட்டதால் இனி அமெரிக்கா காப்பாற்றிவிடும் அல்லவா?

அப்படி நினைப்பவர்கள் இங்கே குறைவு, நானும் நினைக்கவில்லை. நேட்டோ உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் எந்த வகை உதவி தேவை என்று தான் கருதுகிறதோ அதைச் செய்தால் போதும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதுவரை அது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்காகவே, நடைமுறைக்கு வந்தது. டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வெளிப்படையாகப் பேசும் காலத்தில், கூட்டணியின் சொல்லை அப்படியே நம்பிப் படுத்துத் தூங்க எந்தச் சிறிய நாட்டாலும் முடியாது.

ஊரில் பலர் கேள்விப்பட்டிராதது, இரண்டு பிரிவுகள் முன்னால் வரும் 3-ஆவது பிரிவு. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை முதலில் வளர்த்து வைத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பனிப்போர் முடிந்த பிறகு ஐரோப்பாவின் பல நாடுகள் கட்டாய ராணுவப் பயிற்சியைக் கைவிட்டு, தானியக் கிடங்குகளை மூடி, பீரங்கிகளை விற்றபோது பின்லாந்து அப்படிச் செய்யவில்லை. போர்க்காலத்தில் 2,80,000 பேரைத் திரட்டும் ஏற்பாடும், மாதக்கணக்கில் தாங்கும் தானியமும் எரிபொருளும் மருந்தும் சேமித்து வைக்கும் ஓர் அரசு முகமையும் தொடர்ந்து இருந்தன. கூட்டணி வருவதற்கு முன்பே இந்த நாடு தன் வேலையைச் செய்து வைத்திருந்தது. கூட்டணி அதன் மேல் சேர்ந்த கூடுதல் பலம் மட்டுமே. போர், அமைதி பற்றி இங்கே வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட மிகப் பெரிய தெளிவு இதுதான், கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சார்ந்தே இருக்கும்.

வீட்டுக்குக் கீழே பதுங்கு அறை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1,200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தளப்பரப்புள்ள குடியிருப்பு கட்டுவோர் பாதுகாப்பறை அமைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நாடு முழுவதும் ஏறத்தாழ 50,500 பாதுகாப்பறைகள் இருக்கின்றன. அவற்றில் 48 லட்சம் பேர் தங்கலாம், மொத்த மக்கள்தொகையோ 56 லட்சம். ஹெல்சிங்கியின் மெரிஹாகா பகுதியில் பாறையைக் குடைந்து கட்டிய பெரிய பாதுகாப்பறையில், சாதாரண நாட்களில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், இளைஞர்கள் பந்து ஆடுகிறார்கள், கார்கள் நிற்கின்றன. இத்தகேஸ்குஸ் பகுதியில் அப்படி ஒரு பாறை அறை நீச்சல் குளமாகவே இயங்குகிறது. தேவை வந்தால் 72 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் காலி செய்து மக்களை ஏற்கத் தயாராக வேண்டும் என்பது விதி.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பாதுகாப்பறையைப் பராமரிக்கும் பொறுப்பை நான் ஏற்று, அதற்கான பயிற்சி வகுப்புக்கும் போய் வந்திருக்கிறேன் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று விவரமாகச் சொல்ல முடியும். தரைத்தளத்துக்குக் கீழே, தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, கம்பித் தடுப்புகளால் பிரித்த சிறு சிறு கூண்டுகளில் குடியிருப்போர் பனிச்சறுக்குக் கட்டைகளையும் மிதிவண்டிகளையும் பிள்ளைகளின் பழைய துணிகளையும் வைத்திருக்கிறார்கள். சுவரோரமாகத் தண்ணீர்த் தொட்டிகளும், பிரித்து மாட்டக்கூடிய உலர் கழிப்பறைகளும், இடிபாடுகளை நெம்புவதற்கான கடப்பாறையும், முதலுதவிப் பெட்டியும் இருக்கின்றன. ஒருவருக்கு 0.75 சதுர மீட்டர் என்பதே கணக்கு, கால் நீட்டிப் படுக்கக்கூட இடம் போதாது. காற்றோட்ட இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் கையால் சுற்றும் பிடி ஒன்று உண்டு. சோதனை நாளில் எஃகுக் கதவைச் சாத்தி, வடிகட்டியை இணைத்து, இருவர் மாறி மாறி அந்தப் பிடியைச் சுற்றுவோம். சுவரிலுள்ள அளவுமானியின் முள் உயர வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் நச்சுக் காற்று உள்ளே கசியாது. முள் உயரவில்லை என்றால் கதவின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருக்கிறது என்று பொருள்.

எங்களோடு சோதனைக்கு வரும் மூதாட்டி ஒருவரின் பெற்றோர் 1940-ல் கரேலியாவிலிருந்து மாட்டையும் ஒரு பெட்டியையும் மட்டும் கொண்டு வெளியேறியவர்கள். அவர் அந்தக் கதையை எங்களிடம் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு சோதனையின்போதும் கதவின் ரப்பரை விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்ப்பவர் அவர்தான்.

அப்படியானால் அன்றாட வாழ்க்கை முழுவதும் போர் நினைப்பில்தான் போகிறதா?

இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்கு நகரத்தில் சைரன் சில விநாடிகள் ஒலிக்கும், யாரும் தலை நிமிர்வதில்லை. உண்மையான ஆபத்து என்றால் ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலிக்கும் என்பது முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனையாம் எண் என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வோமே, அதுபோலத்தான்.

வீட்டில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று நாள் பிறர் உதவி இல்லாமல் சமாளிக்கும் அளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிநீர், பேட்டரியில் இயங்கும் வானொலி, கைவிளக்கு, ரொக்கப் பணம், வழக்கமாக உண்ணும் மருந்துகள், 3 முதல் 40 வயது வரை உள்ளோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அயோடின் மாத்திரை ஆகியவை அதில் அடங்கும். இந்நாட்டுக் குடும்பங்கள் ரை என்ற தானிய மாவு ரொட்டியையும் டப்பா மீனையும் வைத்திருக்கும். தமிழ்க் குடும்பங்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்று உண்டு. இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் மின்னடுப்புதான், ஊரைப் போல் எரிவாயு உருளை கிடையாது. மின்சாரம் போய்விட்டால் மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் இருந்தும் சமைக்க வழியில்லை. எனவே அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், நாள்பட்டுத் தாங்கும் பால் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்துச் சுழற்சி முறையில் பயன்படுத்துகிறோம். அவலைத் தண்ணீரில் ஊற வைத்தால் போதும், பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் மாவட்டம் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குப் பறிகொடுத்தது. அதே நாளில், பெரும்பாலும் தாய்லாந்தில் விடுமுறையில் இருந்த சுமார் 180 பின்லாந்து மக்களும் மாண்டார்கள். தகவல் திரட்டுவதில் அரசு தடுமாறியது என்ற கடும் விமர்சனத்துக்குப் பிறகு, இரவும் பகலும் இயங்கும் நிலவர மையம் ஒன்றை அரசு இங்கே ஏற்படுத்தியது. ஆயத்தமாக இருப்பதைப் பற்றி யாராவது இலேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவதற்கு அந்த டிசம்பர்தான் காரணம்.

உங்கள் மகன் ராணுவத்தில் சேர வேண்டியிருக்குமா?

ஆம். குடியுரிமை பெற்ற ஆண்கள் அனைவருக்கும் 18 வயதாகும் ஆண்டில் அழைப்பு வரும். பயிற்சிக்காலம் பொறுப்பைப் பொறுத்து 165, 255 அல்லது 347 நாட்கள். ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாதவர்கள் 347 நாட்கள் மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் குடிமைப் பணி செய்யலாம். பெண்களுக்கு 1995 முதல் விருப்பத்தின் பேரில் வாய்ப்பு உண்டு.

இதைக் கேட்டதும் என் அம்மா அழுதார் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையும் பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளையும் ஒரே கூடாரத்தில், கழித்தல் 20 டிகிரி குளிரில், ஒரே அடுப்பை முறை வைத்துக் காவல் காத்துப் படுக்கும் ஏற்பாடு இது. போர் வேண்டும் என்று பேசும் அமைச்சரின் மகனும் அதில் இருப்பான் என்பதால், இந்நாட்டில் போரைப் பற்றி வாய்ச்சவடால் விடுபவர்கள் குறைவு. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே விதி இல்லாததுதான் இதில் எனக்குள்ள குறை.

இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைப் பற்றி உங்களைக் கேள்வி கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், பெரும்பாலும் அறிந்துகொள்ளும் ஆவலில். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கியவற்றில் அடங்கும். போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றில் இரண்டுக்கும் குறைவு, பிறகு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது.

பின்லாந்து நண்பர்களிடம் நான் 1971-ஐ விளக்குவேன். வங்கதேசப் போரின்போது அமெரிக்கா தன் ஏழாவது கடற்படையின் கப்பல்களை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியதும், பாதுகாப்பு அவையில் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்காகத் தடை வாக்கைப் பயன்படுத்தியதும் இந்தியர் நினைவில் இன்னும் அழியவில்லை. 1962-லும் 2020-ல் கல்வானிலும் சீனாவோடு மோத நேர்ந்த ஒரு நாடு, தன் படைக்கலன்களுக்கு உதிரிபாகம் தரும் நாட்டை ஒரே நாளில் பகைத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவும் பல ஆண்டுகள் ரஷ்ய எரிவாயுவில்தான் குளிர்காய்ந்தது. கிரிமியா பறிபோன பிறகும்கூடப் பின்லாந்து ஹன்ஹிகிவியில் ரஷ்ய அணுசக்தி நிறுவனத்தோடு சேர்ந்து அணுமின் நிலையம் கட்டும் திட்டத்தைத் தொடர்ந்தது, 2022 மே மாதத்தில்தான் கைவிட்டது. 140 கோடி மக்களும் அணு ஆயுதமும் உள்ள நாட்டால் கூட்டுச் சேராமல் நிற்க முடியும். 56 லட்சம் மக்கள் உள்ள நாட்டால் முடியவில்லை. இருவரில் யாரும் மற்றவருக்கு ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் ஊர் நண்பர்களிடம் இன்னொன்றையும் சொல்கிறேன். எண்ணெய் வாங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, படையெடுப்பைப் படையெடுப்பு என்று சொல்லாத மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 மார்ச்சில் கார்கீவ் நகரின் மெட்ரோ நிலையங்களில் நம் மருத்துவ மாணவர்கள் பசியோடு பதுங்கியிருந்தபோது தமிழ்நாடே துடித்தது. அவர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட, அறை வாடகைக்கு விட்ட, பாடம் நடத்திய மக்கள் அந்த நகரத்திலேயே குண்டுகளுக்கு நடுவே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

அங்குள்ள ரஷ்யர்களை எப்படி நடத்துகிறார்கள்?

பின்லாந்தில் ரஷ்ய மொழி பேசுவோர் சுமார் ஒரு லட்சம் பேர். பள்ளியிலும் அலுவலகத்திலும் பெரிய வெறுப்பை நான் கண்டதில்லை, ஆனால் பொது இடங்களில் தாய்மொழியைத் தணிந்த குரலில் பேசுகிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்லும் அலெக்ரோ ரயில் 2022 மார்ச் மாதக் கடைசியில் நின்றது; நிலவழிச் சாவடிகள் 2023 இறுதியிலிருந்து மூடியே இருக்கின்றன. என் மகளின் தோழியுடைய தாய்க்கு எல்லையிலிருந்து சிறிது தூரத்தில் வயதான அம்மா இருக்கிறார். முன்பு காலையில் காரில் கிளம்பினால் மதிய உணவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். இப்போது கப்பலில் எஸ்தோனியா போய், நார்வாவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே எல்லையைக் கடந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கிறார்.

அப்படியானால் அரசின் எல்லா முடிவுகளையும் ஆதரிக்கிறீர்களா?

இல்லை, இரண்டை வெளிப்படையாக எதிர்க்கிறேன்.

முதலாவது, 2024 ஜூலையில் நிறைவேறிய எல்லைச் சட்டம். 2023-ன் பின்பகுதியில் உரிய ஆவணங்கள் இல்லாத 1,300-க்கும் மேற்பட்ட புகலிடம் கோருவோரை ரஷ்யா எல்லைக்கு வரவிட்டது. அது திட்டமிட்ட செயல் என்ற அரசின் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சூழலில் புகலிட விண்ணப்பத்தையே வாங்காமல் திருப்பி அனுப்ப எல்லைக் காவலர்களுக்கு அதிகாரம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அரசமைப்புக்கு முரணாக இருப்பது தெரிந்தே, விதிவிலக்குச் சட்டமாக, ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையைத் திரட்டி நிறைவேற்றினார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களின் விண்ணப்பங்களை ஐரோப்பிய எல்லைகளில் வாங்க மறுத்திருந்தால், பாரிஸிலும் லண்டனிலும் ஓஸ்லோவிலும் இன்று வாழும் எத்தனையோ குடும்பங்கள் இருந்திருக்காது. தமிழராகிய நாம் இந்தச் சட்டத்தைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

இரண்டாவது, கண்ணிவெடி. மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக 2025 ஜூனில் நாடாளுமன்றம் 157-க்கு 18 என்று வாக்களித்தது. 2026 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நீண்ட எல்லையைக் குறைந்த ஆட்களால் காக்க வேண்டும் என்ற ராணுவ வாதம் எனக்கு விளங்குகிறது. ஆயினும், இலங்கையில் போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் வடக்கிலுள்ள முகமாலையில் பெண்கள் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடிகளை அகற்றிய காட்சியை அறிந்த எவருக்கும், இந்த ஆயுதம் யாரைக் கொல்லும் என்பது தெரியும். புதைத்தவர்கள் போன பிறகு வயலுக்கு வருபவரைக் கொல்லும்.

விலைவாசியும் மின்கட்டணமும் எப்படி இருக்கின்றன?

2022 மே மாதத்தில் ரஷ்யா மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தியது. அந்தக் குளிர்காலம் கடினமாக இருந்தது, சானா எனப்படும் நீராவிக் குளியலைக்கூட வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் 1,600 மெகாவாட் திறனுள்ள ஒல்கிலுவோட்டோ 3 அணு உலை முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகு நிலைமை தணிந்தது. மளிகை விலை ஏறியது ஏறியதுதான்.

ஊருக்கு வந்து போவது சிரமமாகிவிட்டதா?

ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால் மிகவும் பாதிக்கப்பட்டவை கிழக்காசியப் பயணங்கள். டோக்கியோவுக்கு 9 மணி நேரமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. சென்னைக்கு நாங்கள் பெரும்பாலும் வளைகுடா வழியாகவே வருவதால் நேரம் அவ்வளவாகக் கூடவில்லை. ஆனால் 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது தோஹா வான்வெளி மூடப்பட்டு, பலர் நடுவழியில் தவித்தார்கள். அவசர மருந்தும் ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது படிக்கவோ வேலைக்கோ அங்கே வரலாமா?

போரை நினைத்து வராமல் இருக்க வேண்டாம், வேலைச் சந்தையை நினைத்து நன்றாக யோசியுங்கள். 2025-ல் வேலையின்மை நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது. வேலைக்கான உரிமத்தில் வந்தவர்கள் வேலையை இழந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஜூனில் வந்தது. நிபுணர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தவர்களுக்கும் ஆறு மாதம். குடியுரிமைக்கு வேண்டிய வசிப்புக்காலம் 2024 அக்டோபரிலிருந்து ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகளானது. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஏவுகணை அல்ல, ஆட்குறைப்பு அறிவிப்புதான். பின்னிஷ் மொழியை முதல் மாதத்திலேயே கற்கத் தொடங்குங்கள். ஆங்கிலம் போதும் என்று முகவர்கள் சொல்வதை நம்பி, படிப்புக்கு வீட்டை அடகு வைத்து வந்த பிள்ளைகள் உணவு விநியோகத்துக்குப் பனியில் மிதிவண்டி ஓட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

போர் வந்தால் ஊருக்கே வந்துவிடுவீர்களா?

இதை அப்பா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். இந்நாட்டு அரசமைப்பின் 127-ஆவது பிரிவு, நாட்டைக் காப்பதில் பங்கேற்கவோ துணை நிற்கவோ ஒவ்வொரு குடிமகனும் கடமைப்பட்டவர் என்கிறது. குடியுரிமை வாங்கியபோது இதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டேன். இலவசப் பள்ளியையும் மருத்துவத்தையும் பெற்றுக்கொண்டு, ஆபத்து வந்த அன்று விமானம் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகளைச் சிறிது காலம் ஊருக்கு அனுப்பும் நிலை வந்தால் யாரோடு, எந்த வழியாக என்பதை மனைவியும் நானும் பேசி எழுதி வைத்திருக்கிறோம். அப்பாவிடமும் அதன் பிரதி இருக்கிறது. இந்தியக் குடியுரிமையைத் தக்க வைத்திருப்பவர்கள் ஹெல்சிங்கியிலுள்ள இந்தியத் தூதரகத்தில் தங்கள் முகவரியைப் பதிவு செய்து, வீடு மாறும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். உக்ரைனில் இருந்த மாணவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் செய்ய வேண்டிய வேலை அன்றைக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும்: கூண்டுகளைக் காலி செய்து, தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை இணைக்க வேண்டும். அதற்கு 72 மணி நேரம் தரப்பட்டிருக்கிறது, எங்கள் குடியிருப்பில் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.